ராஜாம்பாளும் நெல்லை வாசகரும்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி நெல்லைச் சீமை எழுத்தாளர்களின் அட்டவணை ஒன்றைத் தொகுக்க முற்பட்டபோது, பணி ஒரே ஒரு பெயரில் வந்து தடைப்பட்டது. பாரதியும் வ.உ.சி.யும் மாதவையாவும் ரசிகமணியும், சேதுப்பிள்ளையும் புதுமைப்பித்தனும், வல்லிக்கண்ணனும் ரகுநாதனும் யாரும் அழையாமலே வரிசையில் வந்து அமர்ந்தார்கள். அப்போது ஓர் அன்பர், "ஜே. ஆர். ரங்கராஜு?" என்றார். கூட்டம் இரண்டுபட்டது. "அவர் எழுத்தாளர் அல்லர், சரக்கு விற்றவர்" என்றார் மூத்த கவிஞர் ஒருவர். "எங்கள் ஆச்சி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அவர் புத்தகத்துக்காகத்தான், அவரை விட்டுவிட்டு அட்டவணை எதற்கு?" என்று எழுந்தார் மற்றொருவர். நேரம் ஆகிவிட்டதால் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. அன்று பேசாமல் இருந்தவன் நான். இக்கட்டுரை, அன்று பேசியிருக்க வேண்டியதைக் காலந்தாழ்த்திப் பேசுவது.

ரங்கராஜு 1875ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் பிறந்தவர். 1959 வரை வாழ்ந்தவர். ஆற்றின் கீழ்ப்போக்கில் பெருங்குளத்தில் மாதவையா பிறந்தது 1872. மூன்றாண்டு இடைவெளியில், ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த இருவர் தமிழ் நாவலின் இருவேறு திசைகளைத் தொடங்கிவைத்தார்கள் என்பது நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்காத செய்தி. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தின் முதற்பாகம் 1898இல் வந்தது. பத்தாண்டு கழித்து, 1908இல், ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வந்தது. முன்னதற்குப் பெரியோரின் பாராட்டு வாய்த்தது. பின்னதற்கு வாசகர் வாய்த்தனர். பதிப்புமேல் பதிப்பாக 'ராஜாம்பாள்' விற்றது. அடுத்தடுத்து 'சந்திரகாந்தா', 'மோகனசுந்தரம்', 'ஆனந்தகிருஷ்ணன்', 'ராஜேந்திரன்' என்று வந்தவையும் அவ்வாறே விற்றன. துப்பறியும் கோவிந்தன் என்ற பாத்திரம், படைத்தவனின் பெயரைக்காட்டிலும் புகழ் பெற்றது.

துப்பறியும் கதை தமிழுக்கு அவரோடு வந்ததன்று. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக அச்சேறியது 1887இல். ஏழே ஆண்டுகளில், 1894இல், பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவவிட்டுவிட்டார். ரங்கராஜுவின் காலத்தவரான ஆரணி குப்புசாமி முதலியார், ரெய்னால்ட்ஸ் முதலான ஆங்கிலேயர்களின் மர்மக் கதைகளைத் தமிழ்ப் பெயரும் தமிழ் உடையும் உடுத்திக் கொண்டுவந்து குவித்தார். 1915இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி' அவருக்குக் களமாயிற்று. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் 'மேனகா'வும் 'திகம்பர சாமியா'ரும் சிறிது பின்னே வந்தன. இம்மூவரையும் ஒரே மூச்சில் சொல்லி ஒதுக்குவது நம் இலக்கிய வரலாற்றாசிரியர்களின் வழக்கம். எனினும் ரங்கராஜுவிடம் ஒரு வேறுபாடு உண்டு. மற்றவர்கள் இலண்டனைக் கும்பகோணத்துக்கும் இரத்தினபுரிக்கும் மாற்றிக்கொண்டிருந்தபோது, இவர் தம் காலத்துத் தமிழ்க் குடும்பத்தின் ஒரு புண்ணை எடுத்துக்கொண்டு அதன்மேல் மர்மத்தைக் கட்டினார். விரும்பியவனோடு வாழ நினைக்கும் பெண், அவளை அடையத் துடிக்கும் கிழப்பணக்காரன், எரிந்து கிடக்கும் ஓர் உடல், பழி சுமக்கும் காதலன்: இவையே 'ராஜாம்பா'ளின் சட்டகம். 'சந்திரகாந்தா'விலோ போலித் துறவும் மடத்துத் தலைமையின் ஒழுக்கக்கேடும் சந்திக்கு வந்தன.

இதை யார், எவ்வாறு படித்தார்கள் என்பதை அறியாமல் கருத்து வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இயலாது. அக்காலத்தில் ஒருவர் வாங்கிய நூலைப் பலர் கேட்டார்கள். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பது ஏடு காலத்திலிருந்து வந்த பழக்கம். புராணத்துக்கு இருந்த அப்பழக்கம் நாவலுக்கும் தொடர்ந்தது. தனியே, வாய்திறவாமல், கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் வாசிப்பு அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2002இல் வெளியிட்ட 'நாவலும் வாசிப்பும்' என்ற நூல் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. நாவல் படித்தால் பெண்கள் கெடுவர் என்று அன்று எழுந்த கூக்குரலின் வேரும் இதில் இருக்கிறது. பலர் நடுவே உரக்கப் படிக்கப்படும் நூலுக்கு வீட்டுப் பெரியவர் காவல் இருப்பார். பெண் ஒருத்தி தனியே மௌனமாகப் படிக்கும் நூலுக்குக் காவல் ஏது? அடுத்த பக்கத்தில் என்ன என்ற ஆவல் அவளை எங்கே இட்டுச் செல்லும் என்று எவருக்குத் தெரியும்? அஞ்சியவர்கள் நூலைக் கண்டு மட்டும் அஞ்சவில்லை.

'ராஜாம்பாள்' வெளிவந்த 1908ஆம் ஆண்டை நெல்லை மறக்காது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டதைக் கேட்டு, மார்ச்சு 13ஆம் நாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். மூன்றாண்டு கழித்து, 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சியில் ஆஷ் துரை கொல்லப்பட்டபின், செங்கோட்டை, தென்காசி, ஒட்டப்பிடாரம் என்று உளவுப் போலீசார் வீடு வீடாகச் சோதனையிட்டார்கள். துப்பறிதல் என்ற சொல் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பொழுதுபோக்கின் பெயராக இருந்திருக்க முடியாது. அதே ஆண்டுகளில், பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் படைத்த துப்பறியும் நாயகன், உண்மையைக் கண்டறிந்து பழியற்றவனை மீட்டுத்தரும் நல்லவனாகத் தமிழ்நாடெங்கும் கொண்டாடப்பட்டான். இம்முரணை அன்றைய வாசகர் எவ்வாறு செரித்துக்கொண்டனர்? என் எண்ணத்தில், கோவிந்தனை அவர்கள் போலீசின் சாயலாகக் காணவில்லை. இருந்திருக்க வேண்டிய ஒரு போலீசாகக் கண்டார்கள். தெருவில் கிடைக்காத நீதியை நூலில் வாங்கிக்கொண்டார்கள். இதைத் தப்பித்தல் என்று சொல்வோர் சொல்லட்டும். வெறும் தப்பித்தல் என்று நான் சொல்லமாட்டேன்.

நூலைவிட மேடை அவரைப் பலமடங்கு பரப்பியது. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கிப் பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களுக்குப் பயிற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையும் அவற்றை நடித்தது. அவ்வை சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை'யில் அந்நாள்களை நன்றியோடு நினைவுகூர்கிறார். ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை தமிழ் மேடையை ஆண்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவரும் பழைய நெல்லை மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவரே. அவர் மேடையில் வள்ளியும் கோவலனும் பவளக்கொடியும் பாடினார்கள். அந்த மேடையில் வேட்டி சட்டையோடும் கோட்டோடும் மனிதர்கள் ஏறிப் பேசத் தொடங்கியதற்கு ரங்கராஜுவின் கதைகள் பெரிதும் காரணம். பாட்டு குறைந்தது, உரைநடை கூடியது என்று வருந்தியவர்கள் இருந்திருப்பார்கள். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தில் இன்றும் இருக்கக்கூடும். பின்னர்ப் பேசும்படம் வந்தது. 1936இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் 'சந்திரகாந்தா' படமாகி, பி. யு. சின்னப்பாவைத் திரைக்குத் தந்தது. 1951இல் எடுக்கப்பட்ட 'ராஜாம்பாள்' ஆர். எஸ். மனோகரைத் தந்தது. எழுத்தறியாதவருக்கும் ராஜாம்பாள் யாரெனத் தெரிந்துவிட்டது.

எதிர்க்கரையில் நின்றவர்களின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரு சாரார் தமிழ்ப் புலமையின் பக்கம் நின்றவர்கள். 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் சங்க நூல்களையும் சமய நூல்களையும் செம்மையாகப் பதிப்பித்துத் தமிழ் கற்கும் வீடுதோறும் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த நூல்களின் அடிக்குறிப்பில் கண்பதித்தவர்களுக்கு, மணிப்பிரவாள நடையில், பக்கத்துக்குப் பக்கம் திடுக்கிடல் வைத்து எழுதப்பட்ட நாவல் மொழிக்கேடாகவே தோன்றியிருக்கும். ஆயினும் கழகம் போற்றிய மறைமலையடிகளே, ரெய்னால்ட்ஸின் 'லைலா'வைத் தழுவித்தான் 'குமுதவல்லி நாகநாட்டரசி'யை எழுதினார். தூய தமிழ் உடுத்தினால் அதே ரெய்னால்ட்ஸ் உள்ளே வரலாம் போலும்! இதைக் குறையாகச் சொல்லவில்லை. கதையின் பிடி, எத்தகைய புலவரையும் ஒருமுறை பற்றிப் பார்த்துவிடுகிறது என்பதற்காகச் சொன்னேன்.

மற்றொரு சாரார் மணிக்கொடிக்காரர்கள். அவர்களுள் கூர்மையானவர் நம்மவர். வண்ணார்பேட்டையில் வளர்ந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று, 1931இல் பட்டம் பெற்ற சொ. விருத்தாசலம் அவர். ரங்கராஜு பிறந்த ஊருக்கும் புதுமைப்பித்தன் வளர்ந்த பேட்டைக்கும் நடைதூரம். 1930களின் பிற்பகுதியில் மொழிபெயர்ப்பா தழுவலா என்ற விவாதம் சூடுபிடித்தபோது, அந்நிய இலக்கியம் வேண்டுமானால் ஆசிரியன் பெயரோடு மொழிபெயர்த்துத் தரவேண்டும், தழுவல் கூடாது என்று அவர் உறுதியாக நின்றார். அக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டால் முன் தலைமுறையின் துப்பறியும் நாவல்களில் மிகப் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். ரங்கராஜுவின் கடைசி நாவலான 'வரதராஜன்' இலக்கியத் திருட்டு என்னும் வழக்கில் சிக்கியது என்றும், அதன்பின் அவர் எழுதுவதை விட்டார் என்றும் இலக்கிய வரலாறு குறிக்கிறது. அட்டவணையில் அவர் பெயரை எதிர்த்த நம் கவிஞரின் கையில் இருந்த வலிய ஆயுதம் இதுவே. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் புதுமைப்பித்தனை அந்தப் பக்கத்தில் மட்டும் நிறுத்திவிடுவதும் நேர்மையன்று. 'டாக்டர் சம்பத்', 'நானே கொன்றேன்!' என்று துப்பறியும் கதையின் சாயலில் அவரும் எழுதிப் பார்த்திருக்கிறார். 'காஞ்சனை'யில் வாசகனை நள்ளிரவில் உட்காரவைத்து அச்சுறுத்தும் வித்தை, மர்மக் கதையை அறியாத கைக்கு வராது. அவர் வெறுத்தது மர்மத்தையன்று. மர்மம் முற்றிலும் அவிழ்ந்து, எல்லாம் சரியாகி, வாசகன் கொட்டாவி விட்டு விளக்கணைத்து உறங்கிப்போவதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'காஞ்சனை'யைப் படித்தவன் விளக்கை அணைக்கத் தயங்குவான்.

இந்த இடத்தில் நம் மண்ணின் வேறொரு கலையை நினைக்காமல் மேலே செல்ல முடியவில்லை. தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. அங்கே இரவெல்லாம் பாடப்படுபவற்றில் பல, கொலைக் கதைகள். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் நிற்கும் பட்டவராயனை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாய்ப் பிறந்து, சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, ஆநிரை கவர்ந்தவரோடு போரிட்டு மாண்ட முத்துப்பட்டன் அவன். இன்றும் அடியார்கள் அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாக்குகிறார்கள். முத்துப்பட்டனைக் கொன்றது யார் என்று கேட்பதற்காக எவரும் கொடைக்குப் போவதில்லை. முடிவு அனைவருக்கும் தெரியும். தெரிந்த சாவை மீண்டும் கேட்டு, கேட்கும்தோறும் கண்ணீர் விட்டு, அந்தச் சாவைத் தெய்வமாக்கி வணங்கிவிட்டு விடியலில் வீடு திரும்புகிறார்கள்.

ரங்கராஜு செய்தது இதற்கு நேர்மாறு. அவர் கதையில் சாவு ஒரு கேள்வி; விடை கிடைத்ததும் அதன் பாரம் இறங்கிவிடும். எரிந்த உடலைக் கண்டு வாசகன் அழுவதில்லை. அது யாருடையது என்று கேட்கிறான். என்னுடைய துணிபு இதுதான்: 'ராஜாம்பா'ளைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாடு, உயர்ந்த சுவைக்கும் தாழ்ந்த சுவைக்கும் நடந்த வழக்கு அன்று. கதையில் வரும் சாவை என்ன செய்வது என்பது பற்றிய வழக்கு. வில்லிசை கேட்ட பாமரரும் புதுமைப்பித்தனும் இவ்விடயத்தில் ஒரு பக்கம், ரங்கராஜு மறுபக்கம். வியப்பு என்னவென்றால், கொடையில் முத்துப்பட்டனுக்காக அழுத அதே சனங்கள் மறுவாரம் கோவிந்தனின் சாமர்த்தியத்தைக் கேட்டு மகிழ்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள வேண்டும் என்ற நெருக்கடி நம்மைப் போன்ற வட்டங்களுக்குத்தான்.

நாங்குநேரி நா. வானமாமலை, கற்றோர் தள்ளிவைத்த கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து, அவற்றுக்கு ஆராய்ச்சி மேடையில் ஆசனம் போட்டுத் தந்தவர். நெல்லை ஆய்வுக் குழுவையும் 'ஆராய்ச்சி' இதழையும் நடத்தியவர். அவர் வந்ததற்கு முன் முத்துப்பட்டன் கதையை இலக்கிய அட்டவணையில் சேர்க்கச் சொல்லியிருந்தால் கூட்டம் இரண்டுபட்டிருக்காது, ஒருமனதாக மறுத்திருக்கும். மக்கள் வாயில் வாழ்ந்ததற்கு மதிப்பு உண்டு என்றால், மக்கள் கையில் தேய்ந்து கிழிந்ததற்கு ஏன் இல்லை? பாடலை ஆக்கியவன் பெயர் தெரியாததால் அது நாட்டார் இலக்கியம். நாவலை எழுதியவன் விலை போட்டு விற்றதால் அது சரக்கு. இந்தப் பாகுபாடு எனக்கு முழுமையாக விளங்கவில்லை.

பின்வந்த திறனாய்வு அவரை எங்கே வைத்தது? சிட்டியும் சிவபாதசுந்தரமும் 1977இல் வெளியிட்ட 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' அவருக்கு இடமளித்தது, கூடத்தில் அன்று, திண்ணையில். மாதவையாவுக்கும் மணிக்கொடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளை விரைந்து கடந்து செல்வதே பிறரிடமும் காணப்படும் போக்கு. இது தமிழுக்கு மட்டும் உரிய பிணக்கும் அன்று. அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1944இல் துப்பறியும் கதைகளை ஏன்தான் படிக்கிறார்களோ என்று எழுதப்போக, வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. 1945இல் அவர் மீண்டும் எழுதினார், முன்னிலும் கடுமையாக. இரு தரப்பும் ஓர் அங்குலம் நகரவில்லை. இங்கே தேவன், வழக்காடாமல், 'துப்பறியும் சாம்பு'வைப் படைத்துச் சிரித்துவிட்டுப் போனார். ஒன்றும் அறியாத சாம்பு தற்செயலாகவே துப்புத் துலக்குவதைக் கண்டு தமிழர் சிரித்தார்கள் என்றால், கோவிந்தனின் இனத்தை அவர்கள் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும். தமிழ்வாணன், சுஜாதா, ராஜேஷ்குமார் என்று அந்த மரபு நீண்டு, 2008இல் சென்னையிலிருந்து ஆங்கிலத் தொகுப்பாகவே வெளிவந்து பிறமொழியாரையும் எட்டியது.

என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். 'ராஜாம்பா'ளைக் கலை என்று நான் வாதிடமாட்டேன். பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. நல்லவர் முழுக்க நல்லவர், கெட்டவர் முழுக்கக் கெட்டவர். தற்செயல் நிகழ்ச்சிகள் ஆசிரியருக்குக் கைகட்டிச் சேவகம் செய்கின்றன. 'பத்மாவதி சரித்திர'த்தின் ஓர் அத்தியாயத்துக்கு அது ஈடாகாது. ஆனால் பணத்துக்குப் பெண்ணைக் கிழவனுக்குக் கொடுப்பது கொலைக்கு ஒப்பானது என்பதை, அறவுரையாகச் சொன்னால் கேட்க மாட்டாதவர்களிடம், கொலைக் கதையாகவே சொல்லி இரவு முழுதும் கேட்கவைத்தார். பெண்கள் கேட்டார்கள். அதைப் படிக்க எழுத்துக் கற்றவர்கள், பிறகு வேறு நூல்களையும் படித்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் நம் வட்டத்தில் கவிதை எழுதுகிறார்கள்.

அட்டவணை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் 'ராஜாம்பா'ளின் முதல் அத்தியாயத்தை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்கலாம் என்று முன்மொழிகிறேன். எதிர்த்த கவிஞரே படிக்க வேண்டும். அவர் குரல் கணீரென்றிருக்கும். இரண்டாம் அத்தியாயத்தையும் படிக்கச் சொல்லி எவரேனும் கேட்கிறார்களா என்று பார்ப்போம்.